ஒன்பதாயிரத்து இருநூற்றுப் பதினான்கு

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
வாழைத்தார் லாரிகளுக்குப் பின்னால் நாற்பது நிமிடம்.
அதற்குள் ஹம்சா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான்:
"ஒன்பதாயிரம் ஒரிஜினலா இல்லையா,
அதை மட்டும் சொல்லுங்க சாரே,
கொச்சிக்காரன் காசோட நிக்கிறான்."

கொழிஞ்சாம்பாறை. அரிசி மில்லுக்குப் பின்னால் தகரக் கதவு.
சாவியைக் கொடுத்துவிட்டு அமலோற்பவம்
பிளாஸ்டிக் நாற்காலியை நிழலுக்கு இழுத்துக்கொண்டார்.
உள்ளே
சுவரை முட்டியபடி ஒரு கறுப்பு கான்டெஸா,
எண்பத்தெட்டு மாடல், கே.எல்.பி. நம்பர்,
திமில் பெருத்த மாடு படுத்திருப்பதுபோல் பானெட்,
அதன் தூசியில் எலி நடந்த தடம்.

ஐந்து இலக்க மீட்டர் கூசாமல் பொய் சொல்லும்.
லட்சத்தைத் தொட்டால் மறுபடி சைபர்,
நேற்றுப் பிறந்த பிள்ளை.
எனவே மீட்டரை நான் கடைசியில்தான் பார்ப்பேன்.

பெயின்ட் கருவி நாலு கதவிலும் நூற்றுப்பத்து மைக்ரான் என்றது.
இடது பின்பக்கம் மட்டும் முந்நூறு.
"அது எருமை இடிச்சது" என்றார் வெளியிலிருந்து, நான் கேட்காமலே.
ஆறு கண்ணாடியின் மூலையிலும் ஒரே முத்திரை, ஒரே வருடம்.
ஸ்டெப்னியில் ரப்பர் மீசை ஒன்றுகூட உதிரவில்லை.
டாஷ்போர்டு திருகுகளில் வடு இல்லை.
சேஸிஸ் எண்ணில் எட்டு சற்றே சாய்ந்திருந்தது:
அடித்தவனின் கைவாகு.
போலி செய்பவன் எட்டை நிமிர்த்திவிடுவான்.

சரி, ஒன்பதாயிரம்தான் என்று பேனாவை எடுக்கும்போது
டார்ச் கை நழுவிக் காலடியில் விழுந்தது.

கிளட்ச் மிதியில் ரப்பரே இல்லை.
இரும்பு, பாதி உள்ளங்கால் அகலத்துக்குப் பளபளத்தது.
கியர்க் குமிழில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு
அழிந்து வெறும் வழவழப்பு. ஐந்து பாதி.
ரிவர்ஸின் ஆர் மட்டும்
நேற்று எழுதியதுபோல் வெள்ளை.

அப்படியானால் ஒரு லட்சத்து ஒன்பதாயிரமா?
இல்லை என்றன டயர்கள்.
தேயாத பிரேக் மிதியும் இல்லை என்றது.
பதினெட்டு வருடத் தொழிலில்
ஒரு வண்டி தனக்கே எதிர்சாட்சி சொல்லி நான் பார்த்ததில்லை.

"கிளட்ச் நான் தேய்ச்சது" என்றார்.
"ஜீப் வந்த பின்னே அவர் இதை எடுக்கல. விக்கவும் மாட்டார்.
சாவி அரைஞாண்ல. ஆனா டிரைவர் கதவு பூட்டு சரியா விழாது.
மத்தியானம் அவர் மில்லுல இருப்பார்.
சாவி இல்லாமலும் கியர் மாறுமே."

ஸ்டியரிங் பூட்டியிருக்குமே என்றேன்.

"நேர் ரோட்டுலதான் போனேன்."

எதிரே சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்,
பானெட்டிலிருந்து ஒரு சாண்.

நாலாவது தடவை ஹம்சா:
"குமிழும் ரப்பரும் உக்கடத்துல நானூறு ரூபா,
மாட்டிட்டா புத்தம் புது ஒரிஜினல் சாரே."
போனை வைத்துவிட்டு எழுதினேன்:
தூரம், மெய்.
குமிழ், கம்பெனியுடையது, மாற்றப்படவில்லை.
'பயன்பாடு' என்ற கட்டத்தில்
நன்று, சுமார், மோசம் மூன்றில் ஒன்றை டிக் செய்ய வேண்டும்.
பேனா அங்கே நின்றது.

"குமிழ் இல்லாம கொடுத்தா எவ்வளவு குறையும்?"

இந்த மாதிரி வண்டியில் சின்ன விஷயம்தான் பெரிய விலை.
பதினஞ்சாயிரம் என்றேன், கொஞ்சம் கூட்டியே.
அவர் மனசுக்குள் கணக்குப் போட்டார்.
கணவாய்க் காற்றில் தகரம் இரண்டு தரம் அடித்தது.

எழுந்து வந்தார்.
செருப்பை வெளியே விட்டு ஏறி உட்கார்ந்தார்,
பார்க்காமலே இடது கால் மிதியைக் கண்டுபிடித்தது,
இடது கை குமிழை.

"எந்தப் பக்கமா திருகணும்?" என்றார்.
"இது மட்டும் எனக்குத் தெரியாது."